கயிறு கட்டிய தெரு

ஜெனரேட்டர் வண்டி உயிர் பிடிக்கும் முன்னால் ஒருமுறை இருமும். அந்த இருமலை எங்கே கேட்டாலும், கல்யாண மண்டபத்தின் பின்வாசலிலோ, கட்சிக் கூட்டத்து மேடைக்குப் பின்னாலோ, என் தாடை தானாக இறுகிக்கொள்கிறது. விரல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளப் பார்க்கின்றன. டீசல் புகை மூக்கில் ஏறுகிறது. அதற்கடியில், கருவாடு இல்லாத இடத்திலும், கருவாட்டு வாடை. பிறகு, என் தலைக்கு மேலிருந்து ஒரு பெண் குரல்.

எங்கள் தெரு தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருக்கிறது. தெருவின் கடைசியில், இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே, ஒரு சேலை அகலத்துக்குக் கடல் தெரியும். அந்தச் சேலை அகலக் கடல்தான் எங்களைக் காட்டிக் கொடுத்தது. யாரோ ஒரு இயக்குநர் அதைப் பார்த்துவிட்டுப் போய் இன்னொருவரிடம் சொல்ல, கடல் வருகிற கதை என்றால் எங்கள் தெரு என்று ஆகிவிட்டது. ஒரு குழு சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த குழுவின் ஆள் வந்து சுவரைத் தட்டிப் பார்ப்பார். எங்கள் வீடுகள் எதிலும் இல்லாத ஒரு நீலத்தை எங்கள் வீடுகளுக்கு அடித்தார்கள். அது கடற்கரைக் கலராம். தெருவில் பாதிப் பேர் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகங்களில் வேலை பார்க்கிறவர்கள், மீதிப் பேர் கப்பலில். ஆனாலும் சுவரெல்லாம் வலை தொங்கியது. மீன் கொண்டுவரும் அண்ணாச்சி சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார். “ஏலே, வலையச் சுவத்துல போட்டா சுவத்துலயா மீன் படும்?”

படம் எடுப்பது என்றால் முதலில் கயிறு கட்டுவது. தெருவின் இந்த முனையில் ஒரு கயிறு, அந்த முனையில் ஒரு கயிறு. உள்ளே இருப்பவர்கள் உள்ளே, வெளியே இருப்பவர்கள் வெளியே. வாசலுக்கு வந்தால் ஒரு கை நீளும்: “ஃப்ரேம்ல வர்றீங்க, உள்ள போங்க.” நம் வாசலில் நாம் நிற்பது ஒரு பிழை. ஷாட் ஓடும்போது மிக்ஸி கூடாது, குக்கர் விசில் கூடாது, பிள்ளை அழக் கூடாது. குழாயில் தண்ணீர் வரும் நேரமும் ஷாட் நேரமும் ஒன்றாகிவிட்டால், குடத்துக்குள் ஒரு துணியைப் போட்டு வைப்போம். தண்ணீர் சத்தமில்லாமல் விழும். ஒரு தெரு முழுக்க இருமலை விழுங்கிக்கொண்டு நிற்பதை நான் கேட்டிருக்கிறேன். ஆமாம், அது கேட்கும். ‘கட்’ என்றதும் எல்லா வீட்டுக்குள்ளிருந்தும் ஒரே நேரத்தில் இருமல் வரும், கோழி கூவும், யாரோ யாரையோ விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்குவார்கள்.

எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. கயிறு கட்டிய நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடப்பேன். கூடத்திலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து கொல்லைக்கு, கொல்லைச் சுவரில் முட்டித் திரும்பி மறுபடி கூடத்துக்கு. கூண்டில் கிளி நடப்பதுபோல என்று என் தங்கை சொல்வாள். அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. எனக்கு அமைந்தது ஒட்டவில்லை. நான் எழுதுவேன், கிழிப்பேன். படக்காரர்கள் வந்தால், சென்னையில் எழுதிய வசனத்தை எங்கள் ஊர்ப் பேச்சுக்குத் திருத்திக் கொடுப்பேன். ‘அங்கே’ என்பதை ‘அங்கன’ என்று மாற்றுவது என் தொழில். அவள் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருந்தாள். ஞானஸ்நான உடை, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கும்போது போடும் புதுநன்மை உடை, ரவிக்கை.

இந்த முறை வந்த குழுவில் உடைப் பிரிவுக்கு ஒரு அக்கா பொறுப்பு. கதாநாயகியின் ரவிக்கை ஒன்று படப்பிடிப்புக்கு நடுவில் கிழிந்தபோது அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஓடி வந்தார். என் தங்கை கிழிந்த இடத்தைத் தைக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலும் அதேபோல ஒரு மடிப்பு வைத்து, இரண்டும் முதலிலிருந்தே அப்படித்தான் என்று ஆக்கிக் கொடுத்தாள். அந்த அக்கா அதன்பின் ஒவ்வொரு நாளும் வந்தார். காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, இயந்திரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பொத்தான் தைத்தபடி பேசுவார். வடபழனியில் ஒரு வீடு எடுத்திருக்கிறாராம். மாடியில் துணி, கீழே இயந்திரங்கள். பெண்களாகச் சேர்ந்து தைத்து, சமைத்து, அங்கேயே தங்குகிறார்களாம். கடைசி நாள் உடை வண்டி கிளம்பும்போது நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள் என்று தங்கையிடம் சொல்லிவிட்டார்.

தங்கை அதை என்னிடம் சோறு போடும்போது சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல், ரசத்தைக் கலக்கிக்கொண்டே. நான் “பாப்போம்” என்றேன்.

பாப்போம் என்பது ஆமாம் இல்லை. இல்லை என்பதும் இல்லை. எங்கள் வீட்டில் அது ஒரு தாழ்ப்பாள். அவள் அதற்குப்பின் கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை. வண்டி கிளம்பும் நாள் மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. வடபழனிப் பக்கத்துச் சினிமாப் பேட்டையில் நான் சில வருடங்கள் இருந்தவன். சாலிகிராமத்தில் ஒரு தேநீர்க் கடைக்கு மேலே அறை. அங்கே யாரும் கட்டில் வாங்க மாட்டார்கள். நாளைக்கே வாழ்வு வந்துவிடலாம், நாளைக்கே ஊருக்குப் போகவேண்டியும் வரலாம். கைபேசி ஒலித்தால் கடையில் நிற்கும் அத்தனை பேரும் தங்கள் சட்டைப்பையைத் தொடுவார்கள். சந்துக்குள் நடந்து போனால், டப்பிங் கூடத்தின் சுவருக்குப் பின்னால் ஒரு பெண் கதறி அழுவாள். சட்டென்று நிறுத்தி, யாருடனோ சிரித்துப் பேசி, மறுபடி அதே இடத்திலிருந்து அதே கதறலை அழுவாள். முதல்முறை கேட்டபோது கதவைத் தட்டப் போனேன். பிறகு அந்த அழுகைக்கு அடியில் நின்று தேநீர் குடித்தேன். பிறகு அது கேட்காமலே போயிற்று. அது கேட்காமல் போன நாளில்தான் பெட்டியைக் கட்டினேன். தங்கையும் அந்தச் சந்தில் நடக்கவேண்டுமா என்று யோசித்தேன். அவள் இல்லாத முன்னறையையும் யோசித்தேன். எதை அதிகம் யோசித்தேன் என்று கேட்டால், கொல்லைவரை நடந்துவிட்டு வந்துதான் சொல்லவேண்டும்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் சாவுக் காட்சி எடுத்தார்கள். கதாநாயகியின் அப்பா செத்துக் கிடக்கவேண்டும். அதற்கு வரவேண்டிய நடிகர் வேறொரு படத்தில் உயிரோடு மாட்டிக்கொண்டார். இயக்குநர் தெருவில் அங்குமிங்கும் பார்த்தார். படியில் தாடியோடு நான் உட்கார்ந்திருந்தேன். “அண்ணாச்சி, வசனமே இல்ல. சும்மா படுத்தாப் போதும்” என்றார்.

எங்கள் கூடமே சாவு வீடாயிற்று. வாசலில் பந்தல், சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். பிணத்தை வைக்கிற குளிர்ப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தார்கள். மின்சாரம் கொடுக்காத குளிர்ப்பெட்டி. எனக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையுறை, காலுறை. மூக்கில் பஞ்சு. தாடையைச் சுற்றித் தலைக்கு மேலே துணிக் கட்டு. கோத்த கைகளுக்குள் ஒரு சிலுவை. சட்டை எனக்குப் பெரிதாக இருந்தது. என் தங்கைதான் வாயில் ஊசிகளைக் கடித்துக்கொண்டு முதுகுப் பக்கம் பிடித்துக் குத்தினாள். குத்தி முடித்து, இறந்தவர்களுக்குச் செய்வதுபோல, வேட்டியின் மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

கண்ணாடி மூடியை மூடினார்கள். விளக்குகளின் சூடு உள்ளே இறங்கியது. ஜெனரேட்டர் எங்கோ ஆழத்தில் ஓடுவதுபோலக் கேட்டது. என் மூச்சு மேலே போய்க் கண்ணாடியில் முட்டி என் முகத்துக்கே திரும்பி வந்தது. இனி இதுதான் என்று உடம்பு நம்பத் தொடங்கியது. வெளியே யாரோ, பிணத்தின் மூச்சு கண்ணாடியில் படிகிறது என்று புகார் சொன்னார்கள். துடைத்தார்கள். மறுபடி படிந்தது. கடைசியில் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். காற்று வந்தது, கூடவே சத்தங்களும்.

பெட்டியைச் சுற்றி எங்கள் தெருப் பெண்களையே உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் மஞ்சள் பூசாத முகத்தோடு, பழைய சேலையில், உண்மையான சாவுக்கு வருவதுபோல ஒழுங்காக வந்திருந்தார்கள். இறந்தவரின் மனைவியாக நடிப்பவர் முதலில் அழவேண்டும், பிறகு மற்றவர்கள் சேர்ந்துகொள்ளவேண்டும். அப்படித்தான் எழுதியிருந்தது. ‘ஆக்‌ஷன்’ என்றார்கள். நடிகை மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். எங்கள் பெண்களிடமிருந்து ஒரு முனகலும் வரவில்லை. கட். மறுபடி. நடிகை மட்டும் தனியே அழுதார். என்ன பிரச்சினை என்று உதவி இயக்குநர் குனிந்து கேட்டார்.

எதிர்வீட்டு மதினி சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “கூடப் பொறந்தவ அங்கன ஊசியும் கையுமா நிக்கி. அவ வாய் தொறக்காம நாங்க எப்பிடி அழ?”

எங்கள் பெண்கள் செய்த பிழை இதுதான். எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. எங்கள் பக்கம் சாவு வீட்டில் முதல் ஒப்பாரி கூடப் பிறந்தவளுடையது. மனைவி இருக்கலாம், மகள் இருக்கலாம். அவள் வந்து தொடங்கும்வரை மற்றவர்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். தொடங்கிவிட்டால் அவள் எதையும் கேட்கலாம். வாழ்நாள் முழுக்க ‘நீங்க’ என்றவனை ‘நீ’ என்று கூப்பிட்டுக் கேட்கலாம். யாரும் குறுக்கே வரமாட்டார்கள். அடக்கம் முடிந்தபிறகு அவள் கேட்டதை யாரும் எடுத்துப் பேசவும் மாட்டார்கள். இது படம், இவர் சாகவில்லை, கதையில் இவருக்குத் தங்கையே கிடையாது என்று உதவி இயக்குநர் விளக்கினார். பெண்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அசையவில்லை.

வெளிச்சம் போகிறது என்று இயக்குநர் அவசரப்பட்டார். “அவங்களையும் உக்கார வைங்கப்பா.”

அவள் மறுத்ததும், மதினி அவள் கையைப் பிடித்து இழுத்ததும், ஊசிகளை வைக்கும் டப்பா கீழே விழுந்ததும் கேட்டன. பிறகு என் தலைமாட்டில் ஒரு உடம்பு உட்கார்ந்த சூடு. ‘ஆக்‌ஷன்’ என்றார்கள். பிறகு, நான் அதுவரை கேட்டறியாத ஒரு குரல், அடிவயிற்றிலிருந்து.

“எங்கூடப் பொறந்த பொறப்பே, எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லு.
போன்னு சொன்னாப் போயிருப்பேன், இருன்னு சொன்னா இருந்திருப்பேன்.
வாயத் தொறக்காம வாசல அடச்சுப் படுத்துட்டியே.
நீ மெட்ராசுக்குப் போகையில நான் அழுதனா அண்ணே?
ஒம் பொட்டிய நாந்தான கட்டித் தந்தேன்.
எம் பொட்டிக்கு ஒரு கயிறு எடுத்துத் தர ஒனக்குக் கை வரலியே.”

பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, ஆடி, அடி எடுத்து, அவளுடைய ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு அலைபோல எழுந்து விழுந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் வண்டி விஷயம் தெரியும். தெருவில் யாருக்குத்தான் தெரியாது?

நான் எழுந்திருக்கலாம். எழுந்து, போ என்று சொல்லலாம். தாடையில் கட்டு இருந்தது. கட்டு இல்லாவிட்டாலும் செத்தவன் எழுந்து பதில் சொல்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. விளக்குகள் என் இமைக்குள் சிவப்பாக எரிந்தன. கட் என்றதும் ஒரு குரல், “அண்ணாச்சி, கை இறுகுது. சிலுவையை லேசாப் பிடிங்க” என்றது.

இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. இன்னொரு கோணத்தில் வேண்டும், அப்படியே மறுபடி செய்யச் சொன்னார். அப்படியே மறுபடி எப்படி வரும்? இரண்டாம் முறை அவள் குரல் தாழ்ந்திருந்தது. கேள்வி எதுவும் இல்லை. ராகம் மட்டும் அதே ராகம்.

“நாளக் கழிச்சு வண்டி போவுது, நான் போறேன் அண்ணே.
நீ எந்திரிச்சாலும் போறேன், எந்திரிக்காட்டாலும் போறேன்.
அரிசி மேல்தட்டுல கெடக்கு, பருப்பு டப்பால கெடக்கு.
பிரஷர் மாத்திர அலமாரில, சாப்புட்ட பொறவு போட மறந்துராத.
சிலிண்டரு தீந்தா மதினி வீட்டுல சொல்லு.
கொல்லக் கதவ ராத்திரி சாத்து, என் பொறப்பே, சாத்து.”

“சாத்து, என்னப் பெத்த ராசா, சாத்து” என்று பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். உதவி இயக்குநர் யாரிடமோ ரகசியமாக, மாத்திரை என்றா சொல்கிறார்கள் என்று கேட்டார். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றது இயக்குநரின் குரல். சாலிகிராமத்துச் சந்தில், அந்தச் சுவருக்குப் பின்னால், வேறு யாரோ ஒருத்தி என் தங்கையின் வாயசைவுக்கு வேறு எதையோ அழப் போகிறாள். தங்கை அழுதது எங்கள் கூடத்தில் மட்டும் நிகழ்ந்தது.

மாலையில் இருவரும் சாப்பிட்டோம். மீன் குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது என்றேன். மாங்காய் கிடைக்கவில்லை என்றாள். கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு வழியில்லை. ஒப்பாரியில் கேட்டதை மறுபடி எடுத்துப் பேசக் கூடாது. முன்னைவிட நன்றாக மாட்டிக்கொண்டேன். கூடத்தில் அந்தப் பெட்டி அப்படியே இருந்தது. மறுநாள் அடக்க ஊர்வலம் எடுப்பதால் எதையும் நகர்த்தக் கூடாதாம். நாங்கள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். அவள் தன் துணிகளை மடித்து அடுக்கும் சத்தம் முன்னறையிலிருந்து வந்தது. நான் கொல்லைக்குப் போய், கிணற்றுப் பக்கம் கிடந்த புது நைலான் கயிற்றை எடுத்துத் தூசி தட்டி, அவள் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு வந்தேன். காலையில் பார்த்தபோது அது அங்கே இல்லை.

ஊர்வலக் காட்சி மறுநாள் முழுக்க இழுத்து, அதற்கடுத்த நாளுக்கும் நீண்டது. அதனால் உடை வண்டி கிளம்பிய காலையிலும் நான் பிணம்தான். முகத்தில் வெளிறிய பூச்சு, கையுறை, மூக்குப் பஞ்சை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். தெருவில் கயிறு கட்டியாயிற்று. வண்டி கயிற்றுக்கு அப்பால் நின்றது. உடைப் பிரிவு அக்கா முன்னிருக்கையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஓட்டுநர் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தார். தங்கையின் பெட்டி, நைலான் கயிறு சுற்றி, சாக்கில் கட்டிய சேலை மூட்டைகளுக்கு நடுவில் ஏறிவிட்டது. உதவி இயக்குநர், நான் கயிற்றைத் தாண்டக் கூடாது, கூப்பிட்ட உடனே வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். கயிறுவரை நடந்தேன்.

அவள் என் காலரைச் சரிசெய்தாள். பின்பக்கம் ஒரு ஊசி நழுவியிருந்தது. அதை மாற்றிக் குத்தினாள். பந்தல், நாற்காலிகள், வாசலில் கட்டிய கறுப்புத் துணி எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்பி வண்டியை நோக்கி நடந்தாள். எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். போயிட்டு வாரேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். அவள் கால் பழக்கத்தில் அதைச் செய்தது. அல்லது பழக்கத்தால் மட்டும் இல்லையோ என்னவோ.

“ஏளா” என்றேன். தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “இது செத்த வீடு இல்ல. சொல்லிட்டுப் போ.”

அவள் நின்றாள். திரும்பி வந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, சிறுபிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, “போயிட்டு வாரேன்” என்றாள்.

“போ” என்றேன். அந்த ஒரு சொல் வெளியே வந்ததும் அடுத்தது தானாக வந்தது. “திரும்பி வரணும்னு ஒண்ணும் கெடையாது.”

அவள் என் வெளிறிய முகத்தைப் பார்த்தாள். உதடு கோணியது. சிரிப்பா இன்னொன்றா என்று சொல்ல முடியவில்லை. எனக்குப் பின்னால் யாரோ ஒலிபெருக்கியில் பிணம் எங்கே, பிணம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

“செத்தவுக பேசப்படாது” என்றாள். “உள்ள போங்க, கூப்புடுதாவ.”